இறங்கத் தெரியாதவர்களின் சைக்கிள் சங்கம்

அன்புக்கரசிக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும், இறங்கத் தெரியாது.

இதைச் சொல்லிச் சிரிக்காதவர் நல்லமுத்தம்புதூர் காலனியில் ஒருவர்கூட இல்லை. ஆனால் குற்றத்தில் பாதிதான் அவளுடையது. மறுபாதி அவள் கணவன் ஜெரோமைச் சேரும். கல்யாணமான புதிதில், வற்றிக் கிடந்த குளத்துக்குள் வைத்து அவளுக்குச் சைக்கிள் பழக்கினான். முதல் ஞாயிறு ஒரு கல்லின் மேல் நின்று ஏறுவது. இரண்டாம் ஞாயிறு மிதிப்பதும் வளைப்பதும். மூன்றாம் ஞாயிறு இறங்குவது என்று ஏற்பாடு. இரண்டாம் ஞாயிறு மாலை, மிதித்த மகிழ்ச்சியில் அவள் நேராகக் கள்ளிப் புதருக்குள் போய்விட்டாள்.

"ஏனுங்க, கள்ளி இருக்குதுன்னு முன்னயே சொல்லக்கூடாதுங்களா?"

"ஆளு ஒசரம் நிக்குது. அதைய நான் வேற சொல்லோணுமாக்கும்!"

முள் எடுத்து முடிவதற்குள் பேச்சு தடித்துவிட்டது. ஒரு மாதம் இருவருக்கும் பேச்சில்லை. பேச்சு திரும்பி வந்தபோது குளத்துக்குத் தண்ணீரும் வந்திருந்தது. மூன்றாம் பாடம் நடக்கவே இல்லை.

அதனால் அவளுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. சரவணம்பட்டியில் மோட்டார் பம்புக்குச் செப்புக் கம்பியால் காயில் சுற்றும் பட்டறையில் அவளுக்கு வேலை. காலையில் வீட்டு முன்னால் கிடந்த துவைக்கிற கல்லின் மேல் நின்று சைக்கிளில் ஏறுவாள். பட்டறைக்குப் போனதும் தகரக் கொட்டகையின் கம்பத்தைக் கட்டிப்பிடித்து நிற்பாள். மாலையில் காலனியின் தண்ணீர்த் தொட்டிச் சுவரைப் பிடித்து நிற்பாள். ஜெரோமின் சைக்கிள் இருபத்திரண்டு இஞ்சு ஆண்கள் சைக்கிள். அன்புக்கரசியின் உயரத்துக்கு இருக்கையில் உட்கார்ந்தால் தரை என்பது வேறு மாவட்டம். இப்படியே நான்கு வருடம் ஓட்டிவிட்டாள். "எறங்கறதுக்கு எதுக்குங்க தனியாப் படிப்பு? நின்னுதுன்னா எறங்கித்தானே ஆகோணும்?" என்பது அவள் வாதம்.

வாதம் செய்வது அவளுக்கு அப்பன் வழிச் சொத்து. அப்பன் ராசப்பன் தோட்டக் கூலி. மூத்த மகள் பிறந்தபோது அவன் சாமி கும்பிடுகிறவனாக இருந்தான். அவளுக்குப் பாவாத்தாள் என்று சாமி பேர் வைத்தான். இரண்டாவது பிறப்பதற்குள் ஏழு வருடம் போயிருந்தது. அதற்குள் அவன் சிங்காநல்லூர்ப் பக்கம் பகுத்தறிவுக் கூட்டங்களுக்குப் போய்க் கேள்வி கேட்கப் பழகியிருந்தான். ஆகவே இரண்டாவதுக்கு அன்புக்கரசி என்று பேர். அக்காவுக்குப் பேரோடு பயமும் வந்து சேர்ந்தது. தங்கைக்குப் பேரோடு வாய் வந்தது. ஆனால் அரசி என்று பேர் வைத்த அப்பனாலும் அவளை எட்டாவதுக்கு மேல் படிக்கவைக்க முடியவில்லை. ஊரில் எட்டாவது வரைதான் பள்ளிக்கூடம். ஒன்பதாவதுக்குச் சரவணம்பட்டி போக வேண்டும்; ஐந்து கிலோமீட்டர். டவுன் பஸ் காலை ஆறே முக்காலுக்கு ஒருமுறை, இரவு எட்டுக்கு ஒருமுறை. பஸ்ஸை நம்பினால் பிள்ளை படித்துவிட்டு வருவதற்குள் ஊர் தூங்கிவிடும். அதனால் காலனியில் எட்டாவது முடித்த பெண் என்றால், மறுநாள் அவள் கையில் களைக்கொத்து இருக்கும்.

தொண்ணூற்று மூன்றாம் வருடம் ஏப்ரலில் பாவாத்தாளின் மகள் மதிவதனி எட்டாவது முடித்தாள். வகுப்பில் முதல். களைக்கொத்து தயாராக இருந்தது.

"அக்கா, அவளைய மேல படிக்க வெய்யி," என்றாள் அன்புக்கரசி.

"எதுல போவா? உன்ற தலைமேல உக்காந்தா?"

"சைக்கிள்ல போவா."

"யாரு பழக்குவா?"

"நாந்தான்."

பாவாத்தாள் சிரித்த சிரிப்பில், குடத்திலிருந்து பாதித் தண்ணீர் கீழே போய்விட்டது.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தொட்டியடியில் பாடம் தொடங்கியது. மதிவதனி வந்தாள். வேடிக்கை பார்க்க வந்த ஐந்து பெண்களும் அடுத்த வாரம் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். எல்லோரும் அந்த வருடம் எட்டாவது முடித்தவர்கள். எல்லோர் வீட்டிலும் களைக்கொத்து இருந்தது. ஆறு பேர் ஆனதும் மதிவதனி இது ஒரு சங்கம் என்று அறிவித்து, தொட்டிச் சுவரில் கரியால் எழுதியும் விட்டாள். சங்கத்துக்கு விதி ஒன்றே ஒன்று: ஓட்டக் கற்றவள் இன்னொருத்திக்குக் கற்றுத் தர வேண்டும். பையன்கள் தங்களையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டார்கள். "பின்னால பாத்துக்கலாம். மொதல்ல எங்களுக்கே சைக்கிள் பத்தல," என்று திருப்பி அனுப்பினார்கள்.

சைக்கிள் ஜெரோமின் பொறுப்பு. லேத்துப் பட்டறைக்காரன், உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் அவனுக்குத் தெரியாத சந்து இல்லை. ஒரு சைக்கிளின் சட்டம், இன்னொன்றின் சக்கரம், மூன்றாவதன் ஹேண்டில்பார் என்று கொண்டுவந்து பொருத்தினான். காலனியில் முதன்முதல் மொபெட் வாங்கிய ஆல்வின் தன் பழைய சைக்கிளைக் கொடுத்தான். மே மாதக் கடைசியில் ஆறு சைக்கிள் நின்றன. ஆறும் ஆண்கள் சைக்கிள், ஆறும் பெரியவை. ஒன்றின் மணி அடித்தால் அடுத்ததன் மட்கார்டு ஆடும்.

சங்கத்தின் முதல் ஊர்வலம் காலனியை மூன்று சுற்றுச் சுற்றியது. முடிந்ததும் ஆறு பேரும் ஒரே நேரத்தில் தொட்டிச் சுவரைப் பிடிக்கப் பாய்ந்தார்கள். சுவரில் நான்கு பேருக்குத்தான் இடம் இருந்தது. மற்ற இருவரும் இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு ஒரு வைக்கோல் போரில் போய்ச் செருகினார்கள்.

ஜெரோம் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "அன்பு, நீ பழக்குனதுல ஒரு கொறையும் இல்ல. உனக்குத் தெரிஞ்சது பூராவும் அவளுகளுக்கும் தெரியுது, தெரியாததும் சேத்து! அடுத்த வருசம் தொட்டிய இன்னுங் கொஞ்சம் நீளமாக் கட்டச் சொல்லி மனுக் குடுக்கலாம்."

"நாலு வருசமா நான் எறங்காமத்தான் போயிட்டு வாரேன். பள்ளிக்கூடத்துல காம்பவுண்டுச் சுவரு அரை பர்லாங் நீளம் இருக்குது. போதுமுங்க."

அவன் இறங்கக் கற்றுத் தருகிறேன் என்றான். அவள் மாட்டேன் என்றாள். கள்ளி முள் இன்னும் முழுதாக வெளியே வரவில்லை போலும்.

சிக்கல் வேறு இடத்திலிருந்து வந்தது. காலனியிலிருந்து சரவணம்பட்டி போக இரண்டு வழி. ஒன்று இட்டேறி, இரண்டு பக்கமும் வேலி வளர்ந்த குறுகிய மண் தடம், தோட்டங்களைச் சுற்றிக்கொண்டு போகும். அன்புக்கரசி நான்கு வருடமும் அதில்தான் போனாள். மே மாதக் கடைசியில் அந்தத் தோட்டங்களில் ஒன்றை வாங்கியவர்கள் மஞ்சள் கல் நட்டு, சைட் போட்டு, பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின நாள் இட்டேறியையும் சேர்த்துக் கம்பி வேலிக்குள் அடைத்துவிட்டார்கள். மிச்சமிருந்தது தார் ரோடு. அது பெரிய வீதி வழியாகப் போகிறது.

பெரிய வீதியில் காலனிக்காரர்கள் சைக்கிளில் உட்கார்ந்து போகக் கூடாது. வீதி முனையில் இறங்கி, மறுமுனை வரை தள்ளிக்கொண்டு போக வேண்டும். எங்கும் எழுதி வைத்ததில்லை. எழுதினால் வெளியூர்க்காரன் படித்துவிடுவான். கேட்டால் "காலங்காலமா இருக்கற பழக்கம்" என்பார்கள். சைக்கிள் நல்லமுத்தம்புதூருக்கு வந்து அறுபது வருடம்கூட ஆகவில்லை. அது வருவதற்கு முன்பே அதிலிருந்து இறங்குகிற பழக்கம் எப்படி வந்தது என்று ராசப்பன் ஒருமுறை டீக்கடையில் கேட்டு, அதற்குப் பிறகு எட்டு மாதம் அந்த டீக்கடையில் அவனுக்கு டீ கிடைக்கவில்லை. அதே வீதியில் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து போனால் குற்றமில்லை. ஆல்வின் மொபெட் வாங்கியபோது மட்டும் பெரியவர்கள் ஒருவாரம் யோசித்தார்கள். கடைசியில், எஞ்சினை நிறுத்திவிட்டுத் தள்ளலாம் என்று சலுகை கொடுத்தார்கள். சர்க்கார் பணத்தில் போட்ட தாரை எருமையும் நாயும் சாணி வண்டியும் உரிமையோடு பயன்படுத்தின. மனிதனுக்கு மட்டும் அங்கே சட்டம் இருந்தது.

பாவாத்தாளுக்கு இந்த வீதி வெறும் வீதி அல்ல. வீதியின் பெரிய வீட்டுக்காரர் அரங்கசாமியின் தோட்டத்தில்தான் அவளுக்கு வேலை. கணவன் லாரியில் கிளீனர். மாதத்துக்கு ஒருமுறை வருவான். வீட்டு உலை அரங்கசாமியின் தோட்டத்தை நம்பித்தான் கொதித்தது.

"பள்ளிக்கூடத்துக்குத் தாட்டி விடறேன்," என்றாள் அவள் கடைசியாக. "ஆனா ஒண்ணு. பெரிய வீதியில இருந்து ஒரே ஒரு பேச்சு வந்துதுன்னு வெய்யி, அன்னிக்கே இவ சைக்கிளத் தூக்கிப் பரண் மேல போட்டுப்போடுவேன். அப்பறம் படிப்பும் இல்ல, சங்கமும் இல்ல. என்ற கூடக் களையெடுக்க வரட்டும்."

மதிவதனி சின்னம்மாவைப் பார்த்தாள். அன்புக்கரசி தலையாட்டினாள். வீதி முனையில் எப்படி இறங்குவது என்று அவள் அந்த நேரத்தில் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் சங்கம் அன்றே கலைந்திருக்கும்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. காலை எட்டே முக்காலுக்கு, துவைக்கிற கல்லில் ஒவ்வொருத்தியாக ஏறி, ஏழு சைக்கிள் கிளம்பின. அன்புக்கரசி முன்னால், மதிவதனி கடைசியில். வீதி முனை தெரிந்தது. அங்கே பிடிக்கச் சுவர் இல்லை. கம்பம் ஒன்று இருந்தது. அதன் மேல் முள் சுற்றியிருந்தது. ஒரு நொடியில் அன்புக்கரசிக்கு நிலைமை விளங்கிவிட்டது. நிறுத்தினால் விழுவோம், ஒருத்தி விழுந்தால் ஏழு பேரும் விழுவோம். மிதித்தாள்.

அரங்கசாமி வழக்கம்போல வாசலில் பிரம்பு நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மணிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். காலனிப் பெண் ஒருத்தி இருக்கையில் உட்கார்ந்து வருவதைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"ஏ புள்ள! எறங்கு!"

"எறங்கத் தெரியாதுங்க!" என்று முழு மரியாதையோடு சொல்லிவிட்டு அன்புக்கரசி கடந்து போனாள்.

அவர் அதிர்ச்சியிலிருந்து மீள்வதற்குள் இரண்டாவது வந்தது. "எனக்குந் தெரியாதுங்க!" மூன்றாவது வந்தது. "எங்களுக்கும் பழக்கலீங்க!" நான்கு, ஐந்து, ஆறு. ஒவ்வொருத்தியும் தலை குனிந்து, பல் தெரியாமல், மெய்யை மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். கடைசியாக மதிவதனி: "மன்னிச்சுக்கோங்க, அம்மாகிட்டச் சொல்லிப்போடாதீங்க!"

மாலையில் திரும்பும்போதும் அதே காட்சி. இந்தமுறை வீதியே வாசலில் நின்று பார்த்தது.

அன்று இரவு பெரிய வீட்டில் கூட்டம் கூடியது. திமிரா, தெரியாமையா என்பதுதான் கேள்வி. திமிர் என்றவர்கள் சிலர். காலனிக்கு ஆள் அனுப்பி விசாரித்ததில், தொட்டிச் சுவரைப் பிடித்து நிற்பது உண்மைதான் என்று சாட்சி வந்தது. ஒருவர் சைக்கிளையெல்லாம் பிடுங்கிப் போட வேண்டும் என்றார். அரங்கசாமியின் தம்பி மகன் பாலகோபால், பம்பு உதிரிபாக வியாபாரி, நாற்பது வயதுக்காரர், குறுக்கே பேசினார்.

"பெரியப்பா, கை கிய் வெச்சுப்போடாதீங்க. இப்ப சட்டம் வேற. ஜாமீன்கூடக் கெடைக்காது."

அரங்கசாமி யோசித்தார். யோசித்து, தம் புத்திசாலித்தனத்தில் தாமே மகிழ்ந்து, ஒரு தீர்ப்புச் சொன்னார். "தெரியாதுன்னுதானே சொல்றாளுக? தெரிய வெச்சுப்போடலாம். பாலு, நீ காலேஜ்ல சைக்கிள் ரேஸ் ஓட்டுனவன்தானே. எறங்கப் பழக்கு. பழகுனப்பறம் என்ன சாக்குச் சொல்றாளுகன்னு பாப்பம். அதுவரைக்கும் போயிட்டு வரட்டும்."

தன் பழக்கத்தைக் காப்பாற்ற, அதை மீறியவர்களுக்கே பயிற்சி வகுப்பு நடத்திய வீதி உலகத்தில் வேறு இருக்குமா என்று தெரியவில்லை.

மறுநாள் தோட்டத்தில் பாவாத்தாளைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவள் வீட்டுக்கு வந்து பரணைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள்.

"பேச்சு வந்துருச்சு," என்றாள். "ஆனா சைக்கிளத் தூக்கிப் போடச் சொல்லி வரல. பழகச் சொல்லி வந்திருக்குது. இப்ப நான் பரண்ல போட்டா, பெரியவர் பேச்சை மீறுன மாதிரி ஆயிருமா?"

"ஆகாமப் பின்ன!" என்றாள் அன்புக்கரசி, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"சரி. பழகி முடியற மட்டும். அப்பறம் வீதியில எறங்கித் தள்ளிட்டுத்தான் போகோணும். நாலு எட்டுத் தள்ளுனா கை தேஞ்சா போயிரும்? இல்லீன்னா நாஞ் சொன்னது சொன்னதுதான்."

வகுப்பு ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் கல் நட்ட சைட்டில் நடந்தது. பாலகோபால் வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். மாணவிகளிடமிருந்து பத்தடி தள்ளி நின்றார். அங்கிருந்தே வாயால் கற்றுக்கொடுப்பது என்று வீட்டில் ஏற்பாடு. "எடது கால் பெடல்ல. வலது காலைப் பின்னால தூக்கி இந்தப் பக்கம் கொண்டாரோணும். வண்டி நிக்கறதுக்குள்ள தரையில ஊனோணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க."

முதல் பெண் ஒரு மஞ்சள் கல்லின் மேல் நின்று ஏறி, கொஞ்சம் ஓட்டிக் காலைத் தூக்கினாள். தாவணி இருக்கையில் சிக்கி, அவளும் சைக்கிளும் ஒரு மஞ்சள் கல்லும் ஒன்றாகச் சாய்ந்தன. இரண்டாவது பெண் காலைத் தூக்க மறந்து வேலி வரை போய்விட்டாள். மூன்றாவது அன்புக்கரசி. அவள் வந்த வழியில் கம்பம் எதுவும் இல்லாததால் பாலகோபாலைப் பிடிக்கக் கை நீட்டினாள். அவர் பத்தடியை இருபதடி ஆக்கினார்.

அப்படிக் கற்றுத்தர முடியாது என்பது முதல் ஞாயிறே அவருக்குத் தெரிந்துவிட்டது. ரேஸ் ஓட்டிய மனிதர். ஒருத்தி தப்பாக இறங்குவதைப் பார்த்தால் அவருக்கு உடம்பு கூசியது. இரண்டாம் ஞாயிறு மூன்றடி தூரத்தில் நின்றார். மூன்றாம் ஞாயிறு வெள்ளைச் சட்டை இல்லை. பனியனோடு ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார். "கண்ணு, பார்வை முன்னால! காலப் பாக்காதே! அம்மணி, பயப்படாதே, நான் புடிச்சிருக்கறனல்லோ!" என்று தொண்டை வற்றக் கத்தினார். இடையில் தாகமெடுத்து, மதிவதனி கொண்டுவந்த தண்ணீரை வாங்கிக் குடித்தும் விட்டார். குடித்த பிறகுதான் அது யார் வீட்டுச் சொம்பு என்று நினைத்துப் பார்த்தார். தண்ணீர் வயிற்றில் சமர்த்தாகத்தான் இருந்தது.

இந்த மூன்று வாரமும் ஏழு சைக்கிளும் பெரிய வீதி வழியாக இருக்கையில் உட்கார்ந்தே போய்வந்தன. பயிற்சி முடியும்வரை விலக்கு. மதிவதனிக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது.

"சின்னம்மா, நாம கத்துக்காமயே இருந்துட்டா? பத்தாவது முடியற மட்டும் விழுந்துட்டே இருக்கலாமல்லோ?"

சங்கம் இதை ஆர்வத்தோடு ஏற்றது. ஒருத்தி அப்போதே நொண்டிக் காட்டினாள். அன்புக்கரசியும் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

"வேண்டாங் கண்ணு."

"ஏஞ் சின்னம்மா?"

"எனக்கு அறிவில்லைன்னு சொல்லி வாங்கற வழியில நான் எத்தனை நாளைக்குப் போறது? நேத்து வரைக்கும் தெரியல, தெரியலைன்னு சொன்னம். நாளைக்குத் தெரிஞ்சுதுன்னா தெரியும்னு சொல்லோணும். அதுக்கு மேல என்ன வருதோ பாத்துக்கலாம்."

அவளுக்கும் பயம் இருந்தது. பரண் ஏறப்போவது அவள் சைக்கிள் அல்ல. ராத்திரி ஜெரோமிடம் சொன்னாள். அவன், "அப்பப் பிரேக்குக் கட்டையெல்லாம் புதுசாப் போட்டுத் தாரேன்," என்றான். அவன் ஆதரவு எப்போதும் இப்படித்தான், இரும்பு வடிவத்தில் வரும்.

நான்காம் ஞாயிறு எல்லோரும் கற்றுவிட்டார்கள். அன்புக்கரசி நான்கு வருடப் பாக்கியை ஒரே நாளில் தீர்த்து, ஒன்பது முறை இறங்கிப் பார்த்தாள். ஒவ்வொருமுறையும் குழந்தைபோலச் சிரித்தாள். மதிவதனி கடைசியாக வந்தாள். வேகத்தைக் குறைக்காமல் வந்து, காலைப் பின்னால் வீசி, ஒரு பெடலில் நின்றபடி கொஞ்ச தூரம் மிதந்து, சத்தமில்லாமல் தரையில் நடந்துகொண்டே சைக்கிளை நிறுத்தினாள். பாலகோபால் தன்னை மறந்து கை தட்டினார். தட்டிய பிறகு அவர் முகம் மெல்ல வாடியது. தான் எதை முடித்துவைத்திருக்கிறோம் என்று அவருக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"பெரியப்பாகிட்டச் சொல்லோணும்," என்றார், யாரையும் பார்க்காமல்.

"சொல்லுங்க," என்றாள் அன்புக்கரசி. "நல்லாப் பழகிட்டாங்கன்னே சொல்லுங்க."

திங்கட்கிழமை காலை பாவாத்தாள் மகளுக்குத் தலை வாரிவிட்டு, "எறங்கீரு சாமி," என்று மட்டும் சொன்னாள். பிறகு தூக்குப்போசியில் சோற்றை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தாள். அவள் போகும் வழியும் பெரிய வீதிதான்.

அரங்கசாமி அன்று பேப்பர் படிக்கவில்லை. வாசலை விட்டு ரோட்டு ஓரத்துக்கே வந்து நின்றிருந்தார். பக்கத்தில் நாலு பேர் இருந்தார்கள். பாலகோபால் கதவோரம் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். ஏழு சைக்கிளும் வீதி முனையில் திரும்பின. ஒருத்தியும் இறங்கவில்லை.

"ஏ புள்ள! இப்பத் தெரியுமல்லோ? எறங்கு!"

அன்புக்கரசி வேகத்தைக் குறைத்தாள், ஆனால் நிறுத்தவில்லை.  வார்த்தை தெளிவாக வந்தது.

"தெரியுமுங்க. உங்கூட்டு அண்ணன் நல்லாவே பழக்கியுட்டாருங்க. பள்ளிக்கூடத்துகிட்டப் போயி எறங்கிக்கறமுங்க."

கடந்துவிட்டாள். பின்னால் ஒவ்வொன்றாகக் குரல் கேட்டது. "பள்ளிக்கூடத்துலீங்க." "அங்க போயித்தானுங்க." "மணியடிச்சிருவாங்க, நேரமாச்சுங்க." ஐந்து குரல் எண்ணினாள். ஆறாவது வரவில்லை.

திரும்பிப் பார்த்தாள். அரங்கசாமி மதிவதனியின் சைக்கிளுக்கு முன்னால் ரோட்டின் நடுவில் வந்து நின்றிருந்தார். புதுப் பிரேக்குக் கட்டை நன்றாகப் பிடித்தது. வேறு வழியில்லை, மதிவதனி காலை வீசி இறங்கினாள். அந்த நிலையிலும் அழகாகத்தான் இறங்கினாள்.

"அப்படி வா வழிக்கு," என்றார் அரங்கசாமி. "தள்ளு."

அன்புக்கரசி இறங்கினாள். அந்த வீதியில் அவள் முதன்முதலாக இறங்கியது அப்போதுதான். சைக்கிளை அங்கேயே படுக்கப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். மதிவதனி தள்ளவில்லை. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏறிப் போய்விடலாம், ஆனால் கல் இல்லாமல் ஏற அவளுக்குத் தெரியாது. பாலகோபால் நான்கு வாரமும் இறங்கத்தான் கற்றுக்கொடுத்தார். ஏறக் கற்றுக்கொடுக்கும்படி அவருக்கு உத்தரவில்லை. காலைப் பெடலில் வைத்து ஒருமுறை எக்கினாள்; சைக்கிள் சாய்ந்தது. கூடியிருந்த நாலு பேரில் ஒருவன் சிரித்தான்.

வீதியின் காலனிப் பக்க முனையிலிருந்து பாவாத்தாள் வந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். அவள் நடை முதலில் நின்றது. அன்புக்கரசிக்கு அக்காவின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. போச்சு, பரண்தான், என்று நினைத்தாள். ஓடி வந்த கால் தானாக நின்றுவிட்டது.

பாவாத்தாள் மறுபடி நடந்தாள். மகளருகில் வந்தாள். தூக்குப்போசியை ரோட்டின் நடுவில், அரங்கசாமியின் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறந்ததிலிருந்து சைக்கிளைத் தொட்டிராதவள், பின்பக்கக் கேரியரை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தாள்.

"ஏறு," என்றாள்.

"அம்மா?"

"ஏறு புள்ள, மணியடிச்சிருவாங்க!"

மதிவதனி ஏறினாள். பாவாத்தாள் பிடித்துக்கொண்டே நாலு எட்டு ஓடினாள். அந்தச் சைக்கிளை ஒருவரும் அந்த வீதியில் அதற்கு மேல் தள்ளவில்லை. அரங்கசாமி நகர்ந்தாரா, அவரைத் தாண்டிச் சைக்கிள் வளைந்ததா என்று பார்த்தவர்கள் இன்றும் ஒத்துச் சொல்வதில்லை. கேரியரை விட்டுவிட்டு, மூச்சு வாங்க, பாவாத்தாள் திரும்பி வந்து தூக்குப்போசியை எடுத்துக்கொண்டாள்.  அரங்கசாமியைப் பார்த்துக் கேட்டாள்.

"தோட்டத்துக்கு வரலாமுங்களா, வேண்டாமுங்களா? சொல்லிப்போட்டீங்கன்னா வேற எடம் பாத்துக்குவனுங்க. புள்ளைக சாயங்காலமும் இதே வழிதானுங்க வருவாளுக. அவளுகளுக்கு ஏதாச்சுஞ் சொல்லோணும்னா அப்பச் சொல்லுங்க."

 கதவோரத்திலிருந்து பாலகோபால்தான், "நீ போ பாவாத்தா, தண்ணி பாய்ச்சற நேரமாச்சு," என்றார்.

அன்று பகலில் பெரிய வீட்டுக்குள் பெரியப்பனுக்கும் பாலகோபாலுக்கும் பலத்த பேச்சு நடந்தது. அவர்கள் வீட்டுக்குள் பேசுகிற தெலுங்கில் நடந்ததால் காலனிக்கு விவரம் தெரியாது. சத்தம் மட்டும் தோட்டம் வரை கேட்டதாம்.

அந்தச் சங்கத்தில் அடுத்த வருடம் இருபது பேர், பையன்களையும் சேர்த்து. காலனி ஆட்கள் ஒவ்வொருவராக வீதியில் உட்கார்ந்து போகத் தொடங்கினார்கள். ஆல்வின்தான் முதல் ஆள், எஞ்சின் முழுச் சத்தத்தோடு. ஆனால் அன்புக்கரசியிடம் கதை கேட்கிறவர்கள் அதையெல்லாம் கேட்பதில்லை. எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: அன்று சாயங்காலம் அரங்கசாமி என்ன சொன்னார்?

அவள் காயில் சுற்றுகிற கையை நிறுத்தாமலே சொல்வாள்.

"வாசல்லதானுங்க நின்னாரு. ஏழு பேரும் வந்தம். எங்களையப் பாத்தாரு. வாயத் தொறந்தாரு. எறங்குன்னுதான் சொல்லப்போறாருன்னு நெனச்சன். 'ஓரமாப் போங்க, பின்னால லாரி வருது'ன்னாருங்க. திரும்பிப் பாத்தா, லாரியே இல்லீங்க!"